அமலி இங்கேதான் இருப்பாள்

மேட்டுப்பட்டி,
திண்டுக்கல்.
16.7.2002

அன்புள்ள சகாயத்துக்கு,

அருளப்பன் எழுதுவது. நானும் அமலியும் சுகம். கடிதம் என்றால் எழுத வேண்டுமே என்று எழுதும் சுகம் இல்லை இது, நிஜமாகவே சுகம். அமலி தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, நான் வெட்டிப் போட்ட துணித் துண்டுகளை வலது கையால் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறாள். நான் பொறுக்கி வைக்க வைக்கத் தள்ளுகிறாள். அங்கே உனக்கு எப்படி இருக்கிறது? குவைத்தில் வெயில் நெருப்பாகக் கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். மாடியில் துணி காயப்போடப் போகும்போது தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த கையோடு, உன் அண்ணன் சூசைமுத்து எரியோட்டிலிருந்து ஒரு ஜீப் பிடித்துக்கொண்டு வந்தார். கூடவே, நடக்க முடியாத பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற இல்லத்திலிருந்து ஒரு சிஸ்டர். அமலியைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள். "சகாயத்துக்கிட்ட போன்ல பேசிட்டேன் மாப்ள, அவ சரின்னுட்டா" என்றார் மச்சான்.

நான் ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நீ சரி சொன்னது உண்மையாகவே இருக்கலாம். நான் சரி சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இதை உன்னிடம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பக்கத்து வீட்டில், சைதூன் அக்காவின் கூடத்தில் அவர்கள் எல்லோரும் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது நின்று, நீ அழுவதைக் கேட்டுக்கொண்டு, லைன் அறுந்துவிடுமோ என்று பயந்துகொண்டு, எனக்கு எதையும் முழுசாகப் பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன். முழுசும் படி. படித்துவிட்டுக் கோபப்படு.

காய்ச்சல் வந்ததிலிருந்து நீ அமலியைப் பற்றிக் கேட்டதெல்லாம் அழுதவர்கள் சொன்னதும் பயந்தவர்கள் சொன்னதும்தான். அழாமல் நான் சொல்கிறேன். மூளைக்காய்ச்சலில் அவள் பிழைத்ததே பெரிது என்று மதுரையில் டாக்டர் சொன்னார். காய்ச்சல் இறங்கியபோது இடது கையும் காலும் தளர்ந்திருந்தன. பேச்சு நின்றுவிட்டது. அதோடு விழுங்குவதும் போய்விட்டது. வாயில் தண்ணீர் விட்டால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்றார்கள். அதற்காகத்தான் மூக்கு வழியாக வயிறு வரைக்கும் ஒரு டியூப். பேனாவுக்குள் போடுகிற ரீஃபில் தடிமன்தான் இருக்கும். "பிள்ளைக்கு மூக்குல கொழாயச் சொருகி வச்சிருக்காய்ங்க" என்று உன்னிடம் எந்தக் குரலில் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அது அவள் சாப்பிடுகிற வழி சகாயம். நமக்கு வாய். அவளுக்கு இப்போதைக்கு அது.

வீட்டுக்கு அனுப்பும் முன்னால் வார்டு சிஸ்டர் வந்து, "பிள்ளையோட அம்மாவக் கூப்புடுங்க, எப்படிக் குடுக்குறதுன்னு சொல்லிக்குடுக்கணும்" என்றார். அம்மா குவைத்தில் இருக்கிறாள் என்றேன். "அப்ப சித்தி, அத்தை யாராச்சும்?" என்றார். நான்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆம்பளைங்க நாலு நாளைக்குச் செய்வீங்க. அப்புறம் யாரு தலையில கட்டலாம்னு பாப்பீங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "நான் டெய்லருங்க சிஸ்டர். ஊசியில நூல் கோத்துக் கோத்துப் பொறுமை தன்னால வந்துருச்சு. வேலைய மட்டும் சொல்லிக்குடுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு என்னை விடவில்லை. தப்பாகச் செய்தபோதெல்லாம் புறங்கையில் அடித்தே சொல்லிக்கொடுத்தார்.

நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். டியூப் மூக்கை விட்டு வெளியே வருகிற இடத்தில் மையால் ஒரு கோடு இருக்கும். அது இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு சிரிஞ்சால் லேசாக இழுத்து, வருகிற சொட்டை நீலக் காகிதத்தில் விட்டால் காகிதம் சிவக்கும். சிவந்தால் டியூப் வயிற்றில் இருக்கிறது. சிவக்காவிட்டால் ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளையைச் சாய்வாக உட்காரவைத்து, சிரிஞ்சுக்குள் இருக்கிற தண்டை உருவிவிட்டுத் தூக்கிப் பிடித்தால் பால் தன்னாலே இறங்கும். அவசரப்பட்டு அமுக்கித் தள்ளக் கூடாது. முடிந்ததும் கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு டியூப்பைக் கழுவ வேண்டும். உடனே படுக்கவைக்கக் கூடாது. வாயால் சாப்பிடாவிட்டாலும் வாயைத் துடைத்துச் சுத்தமாக வைக்க வேண்டும். பழைய டியூப்பை எடுத்துப் புதுசு போடுவதை மட்டும் நான் தொடுவதில்லை. அதற்கு ஆஸ்பத்திரிக்குத்தான்.

பாலோடு ராகிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர் எல்லாம் கொடுக்கிறேன். பால் மாதிரி இறங்க வேண்டும் என்று மல் துணியில் வடிகட்டி, மறுபடியும் வடிகட்டிக் கொடுக்கிறேன். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது.

முதலில் டியூப்பைப் பிடித்து இழுத்துவிடுவாள். கையைக் கட்டிலோடு கட்டிப்போடு என்று ஒருத்தர் யோசனை சொன்னார். என் பிள்ளை கையைக் கட்டவா நான் வீட்டில் இருக்கிறேன்? நீ விட்டுப்போன ஊதாப்பூப் போட்ட நைட்டியை எடுத்து, விரல் வைக்காமல் பை மாதிரி இரண்டு கையுறை தைத்தேன். தூங்கும்போது மட்டும் போட்டுவிடுவேன். நைட்டி போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

போன மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதை வைத்துத்தான் எல்லோரும் ஆடுகிறார்கள். பள்ளிக்கூடம் திறந்த நேரம், யூனிபாரம் தைத்த கட்டைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். அமலியை ஒருத்தரிடம் விட்டுவிட்டுத்தான் போனேன். சைதூன் அக்கா வீட்டிலிருந்து பாயாசம் வந்திருக்கிறது. வாசனை பிடித்துப் பிள்ளை வாயைத் திறந்திருக்கிறாள். வாய் திறந்து கேட்கிற பிள்ளைக்கு இல்லையென்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. ஸ்பூனில் எடுத்து ஊட்டிவிட்டார். நான் தெருமுனையில் திரும்பும்போதே சைதூன் அக்காவின் சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் அக்கா பிள்ளையை மடியில் குப்புறப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருக்கிறார். அமலியின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, ஆக்ஸிஜன் வைத்து, மறுபடி ஒருமுறை அவளை மீட்டுக்கொண்டு வந்தோம்.

யார் ஊட்டியது என்று நான் எழுதமாட்டேன். ஆசையில் செய்தது. ஆனால் உன்னிடம் "டியூப் நழுவிருச்சு, அருளப்பன் கவனிக்கல" என்று சொல்லப்பட்டது எனக்குத் தெரியும். டியூப் நழுவவில்லை சகாயம். அதை மட்டும் தெரிந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மச்சான் உள்ளே வந்து நின்றபடியே அமலியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் வாசலில் போய் நின்றேன்.

"பிள்ளைய எறக்கி வைங்க மச்சான்" என்றேன்.

"நீ மிஷின மிதிப்பியா, பிள்ளையப் பாப்பியா? நாளைக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா என் தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் குரல் நடுங்கியது. என்மேல் கோபத்தில் நடுங்கியது மாதிரி எனக்குத் தெரியவில்லை.

"நான் சொல்றேன். ஒங்க தங்கச்சி சரின்னாலும் சரி, இந்தத் தெருவே தெரண்டு வந்து சரின்னாலும் சரி, இவ இந்த வாசலத் தாண்ட மாட்டா. நான் செத்தாத்தான் தாண்டுவா."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். சொல்லிவிட்டேன். தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அதற்குள் அமலிக்குச் சாப்பாட்டு நேரம். "செத்த நேரம் உக்காருங்க, பிள்ளைக்குப் பசிக்கும்" என்று சொல்லிவிட்டு அவரிடமிருந்து அவளை வாங்கிக்கொண்டேன். அவர்கள் கண் முன்னாலேயே காகிதம் பார்த்து, பால் விட்டு, கழுவி, வாயைத் துடைத்து முடித்தேன். அந்த சிஸ்டர் நல்லவர், அவர்கள் இல்லத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. யாரும் இல்லாத பிள்ளைகளை அவர்கள் பார்க்கிறார்கள். அமலிக்கு நான் இருக்கிறேன். அவர் அமலியின் தலையில் சிலுவை போட்டு, "நான் வண்டியில இருக்கேன்" என்று மச்சானிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மச்சான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

இதுதான் நடந்தது. நீ என்னைத் திட்ட வேண்டும் என்றால் எனக்கே எழுதித் திட்டு. அண்ணனிடம் சொல்லி அனுப்பாதே. நீ அங்கே ஊரான் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது உன் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அழாதே. பிள்ளைக்கு வயிறு நிறைகிறது. அதை நினைத்துக்கொண்டு நீயும் ஒழுங்காகச் சாப்பிடு.

மாதா உனக்குத் துணை இருக்கட்டும்.

உன்,
அருளப்பன்


மேட்டுப்பட்டி,
திண்டுக்கல்.
24.11.2002

அன்புள்ள சகாயத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாதிக் கடிதம் வரைக்கும் திட்டியிருக்கிறாய். திட்டும்போது உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. கடைசியில் அமலிக்கு முத்தம் என்று எழுதியிருந்தாயே, அதைக் கொடுத்துவிட்டேன். டியூப்பை ஒட்டியிருக்கிற கன்னத்திலும் சேர்த்துத்தான்.

இங்கே நல்ல மழை. வீட்டில் ஒரு மூலை ஒழுகுகிறது, மிஷினை நகர்த்திப் போட்டிருக்கிறேன். மற்றபடி ஒன்றும் குறையில்லை.

பாயாசம் ஊட்டியது தான்தான் என்று அண்ணனே உன்னிடம் போனில் சொல்லிவிட்டாராமே. சைதூன் அக்கா சொன்னார். பேசிவிட்டு அவர்கள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாராம். "நான் பாத்தா கொன்னுபுடுவேன்னுதானே மாப்ள அங்க கொண்டுபோய் விடச் சொன்னேன்" என்று என்னிடமும் சொன்னார். நீலக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் எரியோட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறார். மத்தியானச் சாப்பாடு அவர்தான் கொடுக்கிறார். முதல் நாள் சிரிஞ்சைத் தொடும் முன்னால் என்னைக் கூப்பிட்டார். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது செவந்துருச்சா, இல்ல என் கண்ணுதான் செவந்துருச்சா, நீ வந்து பாரு மாப்ள" என்றார். நீ அவரிடம் பேசாமல் இருக்கிறாய் என்று வருத்தப்படுகிறார். பேசிவிடு.

பால்வாடி விஷயம் எழுதுகிறேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் போகிறார்கள், அமலி மட்டும் ஜன்னலில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். டீச்சர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "மத்தப் பிள்ளைங்க பயந்துரும்ண்ணே. யாராச்சும் புடிச்சு இழுத்துட்டா நான் என்ன செய்யுறது?" என்றார். இரண்டாவதாகச் சொன்னது நியாயம், அதனால் நானும் கூடவே உட்காருகிறேன் என்றேன். முதலாவதாகச் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. "பயப்படுறது பிள்ளைங்களா, பெரியவங்களான்னு உள்ள போய்ப் பாத்துருவோம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கூப்பிடாமலேயே உள்ளே போய் அமலியை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் சுற்றி வந்து நின்று பார்த்தன. ஒரு பொடிசு கிட்டே வந்து டியூப்பை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏய், யானைப் பாப்பாடி! மூக்காலயே பால் குடிக்கும்!" என்று கத்தியது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து இரண்டு கேள்வி கேட்கலாம் என்று வாயைத் திறக்கிறேன், மடியில் ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் அமலி சிரிக்கிறாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் நான் கேட்கிறேன். அந்தப் பொடிசு இரண்டு தடவை கையைத் தும்பிக்கை மாதிரி ஆட்டிக் காட்டியது. மறுபடி மறுபடி சிரித்தாள். நான் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். வராதீங்க என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. இப்போது அமலி உட்கார அவரே ஒரு மரநாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறார். நான் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து காஜா எடுக்கிறேன், பட்டன் கட்டுகிறேன். வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கோயிலிலும் இதே கதைதான். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று ஒரு அம்மா நல்லவிதமாகச் சொன்னார். நாங்கள் இப்போது முதல் வரிசையில் உட்காருகிறோம்.

போட்டோ கேட்டிருந்தாய். டியூப் இல்லாமல் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய், மேடம் வீட்டில் கூட வேலை செய்கிறவர்களிடம் காட்ட வேண்டும் என்று. படித்துவிட்டு அமலியைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். படம் எடுக்கிற பையனும் இதையேதான் சொன்னான். "செத்த நேரம் அதக் கழட்டிருங்கண்ணே, முகம் பளிச்சுன்னு விழும்" என்றான். கழட்ட முடியாது என்றேன். "அப்ப பிரிண்ட் போடும்போது டச்-அப் பண்ணி மறைச்சுரட்டுமா?" என்றான். "தம்பி, என் பிள்ளைக்கு எது இருக்கோ அத எடு. இல்லாதத எடுக்கவும் வேணாம், இருக்குறத அழிக்கவும் வேணாம்" என்றேன். முறைத்துக்கொண்டேதான் எடுத்தான். மஞ்சள் கவுன், நான் தைத்தது. கழுத்தைச் சுற்றி வைத்த லேஸ் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. படம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. முதலில் பார்க்கும்போது உனக்கு அழுகை வரும். மறுபடியும் எடுத்துப் பார். பார்க்கப் பார்க்க டியூப் போய்விடும், அமலிதான் இருப்பாள். எனக்கு அப்படித்தான் ஆனது. உன்னிடம் யாராவது மூக்கில் என்ன என்று கேட்டால் தயங்காமல் சொல்லு.

மதுரைக்குப் போய்வந்தோம். விழுங்கப் பழக்குவதற்கு ஒரு அம்மா இருக்கிறார். ஈர விரலால் நாக்கைத் தொட்டுத் தொட்டுப் பழக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எச்சிலை இப்போது அவளே விழுங்குகிறாள். கையும் கொஞ்சம் தேறியிருக்கிறது. "ப்பா" என்கிறாள். அது என்னைத்தானா, இல்லை சும்மா வருகிற சத்தமா என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. டியூப்பை எப்போது எடுப்பார்கள் என்று தெருவே கேட்கிறது. டாக்டரிடம் கேட்டேன். வரும் வருஷம் எடுக்கலாம், எடுக்க முடியாமலும் போகலாம், அப்படியானால் வயிற்றிலேயே வழி வைக்கலாம் என்றார். சரி என்றேன். எடுத்தால் சந்தோஷம். எடுக்கும் நாள் வந்தால்தான் இவள் பிள்ளை என்று காத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. இவள் இன்றைக்கே பிள்ளைதான்.

கடைசியாக ஒன்று. மார்ச்சில் அக்ரிமெண்ட் முடிகிறது, மேடம் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார், பிள்ளையின் வைத்தியத்துக்கு ஆகும், இருந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். அங்கே பக்கத்து நாட்டில் சண்டை வரும் என்று தினமும் பேப்பரில் போடுகிறான். பேப்பரைப் பிரிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் சண்டைக்குப் பயந்து உன்னை வரச் சொல்லவில்லை.

வைத்தியத்துக்காக மட்டும் நீ இருக்க நினைப்பதாக எனக்குத் தோன்றவில்லை சகாயம். விமானம் ஏற நீ கிளம்பியபோது உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த பிள்ளையைத்தான் நீ மனசில் வைத்திருக்கிறாய். வந்து இறங்கினால் அந்தப் பிள்ளை ஓடிவரமாட்டாள். அதைப் பார்க்க உனக்குத் தைரியம் வரவில்லை. இது தப்பில்லை. எனக்கும் மதுரை வார்டில் முதல் நாள் உள்ளே போகக் கால் வரவில்லை. வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தேன். பிறகு போனேன். போன பிறகுதான் முடிந்தது.

ஊரில் எல்லோரிடமும் எனக்கு யாரும் வேண்டாம், நான் ஒருத்தனே பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். இனியும் அப்படித்தான் சொல்வேன். உன்னிடம் மட்டும் அதைச் சொல்ல முடியவில்லை. அவள் தூங்கிய பிறகு இன்றைக்கு இவள் சிரித்தாள் என்று சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை.

மார்ச்சில் வந்துவிடு. கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். அமலியைத் தூக்கும்போது டியூப் எங்கே மாட்டும், கையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லித்தருகிறேன், ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். மாதா உன்னைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்து இந்த வாசலில் இறக்கிவிடட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
அருளப்பன்
அமலி